முண்டசேரியின் கல்விச் சட்டமுன்வடிவு: ஆசிரியருக்கு எது கிடைத்தது, எது கைநழுவியது?

கரும்பலகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பதினாறு ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். பொதுக்கல்விக்காகச் சட்டமன்றத்துக்குள் நின்று போராடியவர்களைப் பற்றி எங்கள் ஆசிரியர் சங்கத்தின் காலாண்டு மலரில் ஒரு தொடர் வெளியாகிறது. காமராசரைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருப்பதால், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் முதல் கல்வியமைச்சராக இருந்த ஜோசப் முண்டசேரியைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்ட பிறகுதான் சிக்கலே தொடங்கியது. சென்ற வாரம் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, மூத்த ஆசிரியர் ஒருவர் "பள்ளிகளைக் கிறித்தவர்களிடமிருந்து பிடுங்கப் பார்த்து, அதனால் ஆட்சியையே இழந்தவர் அல்லவா?" என்று கேட்டார். அவருக்கு அருகில் அமர்ந்திருந்த இன்னொருவரோ, ஆசிரியரின் சம்பளத்துக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தவர் முண்டசேரிதான் என்று அதே உறுதியோடு சொன்னார். இருவருமே நான் மதிப்பவர்கள். இருவரும் ஒரே மனிதரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்புவதே எனக்குக் கடினமாக இருந்தது.

1957ஆம் ஆண்டின் கல்விச் சட்டமுன்வடிவில் உண்மையில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதையும், அது ஏன் ஓர் அமைச்சரவையைக் கவிழ்க்கும் அளவுக்குப் பெரும் புயலைக் கிளப்பியது என்பதையும், அதில் இன்று எஞ்சி நிற்பது எது என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பாரதப்புழை

வணக்கம் ஐயா. நான் பாலக்காட்டுத் தமிழன். என் பள்ளிப் படிப்பு முழுவதும் உதவி பெறும் பள்ளியில்தான் நடந்தது. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முண்டசேரி அரசியலுக்குள் பிறந்தவர் அல்லர். திருச்சூருக்கு அருகிலுள்ள கண்டசாங்கடவில் 1903ஆம் ஆண்டு ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர். மலையாள இலக்கியத் திறனாய்வில் முதல் வரிசையில் வைக்கப்படுபவர். 1957 தேர்தலில் மணலூர்த் தொகுதியிலிருந்து வென்று, அந்த ஏப்ரலில் பதவியேற்ற நம்பூதிரிபாடு தலைமையிலான கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் கல்வித்துறையை ஏற்றார். தனியார் நிருவாகத்தின் கீழ் ஆசிரியர் எப்படி வாழ்ந்தார் என்பதை அவர் கோப்புகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூரையின் கீழேயே வாழ்ந்தவர் அவர்.

அன்றைய நிலையை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கேரளத்தின் பள்ளிகளில் பெரும்பகுதி தனியார் கையில் இருந்தது. திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் திருச்சபைகளும் நாயர் சேவைச் சங்கம் போன்ற சமுதாய அமைப்புகளும் பள்ளிகளை நடத்தின. மலபாரிலோ தனிமனிதர்களே உரிமையாளர்களாக இருந்த தொடக்கப்பள்ளிகள் ஏராளம். மூன்று பகுதிகளிலும் மூன்று விதமான விதிகள் இருந்தன. அரசின் மானியம் மேலாளரிடம் போய்ச் சேரும். அங்கிருந்து ஆசிரியருக்கு எவ்வளவு இறங்கி வரும் என்பது மேலாளரின் மனத்தைப் பொறுத்தது. இதை மாற்றும் முயற்சியை முண்டசேரிதான் முதன்முதலில் தொடங்கினார் என்று சொல்வதும் சரியாகாது. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் காங்கிரஸ் அமைச்சராக இருந்த பனம்பிள்ளி கோவிந்த மேனன், தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே சம்பளம் தரும் திட்டத்தை ஏற்கெனவே கொண்டுவந்திருந்தார். ஆனால் அது ஒரு திட்டம் மட்டுமே. மூன்று பகுதிகளுக்கும் பொதுவான சட்டமாக அது நிற்கவில்லை.

1957 ஜூலையில் வந்த முன்வடிவை ஊன்றிப் படித்தால், அதன் நடுநாயகமாக இருப்பவர் ஆசிரியர்தான் என்பது விளங்கும். ஒன்பதாம் உட்பிரிவு, உதவி பெறும் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை அரசே நேரடியாகவோ தலைமையாசிரியர் வழியாகவோ வழங்க வேண்டும் என்றது. பதினொன்றாம் உட்பிரிவு, அரசுப் பணியாளர் தேர்வாணையம் மாவட்டந்தோறும் தேர்ந்தெடுத்துத் தரும் பட்டியலிலிருந்துதான் மேலாளர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்றது. பன்னிரண்டாம் உட்பிரிவு, பணி நிபந்தனைகளில் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு உள்ளவற்றையே இவருக்கும் பொருத்தியதோடு, உரிய அலுவலரின் முன் அனுமதியின்றி எவரையும் வேலையை விட்டு நீக்க முடியாதபடி செய்தது. தொடக்க வகுப்புகளில் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் முன்வடிவில் இருந்தது.

உங்கள் மூத்த ஆசிரியர் 'பிடுங்குதல்' என்று குறிப்பிடுவது 14, 15 ஆகிய உட்பிரிவுகளை. கடமை தவறிய பள்ளியின் நிருவாகத்தை ஐந்தாண்டு வரை அரசு ஏற்று நடத்தலாம் என்றது முன்னது. சட்டமன்றத் தீர்மானத்தின் பேரில், இழப்பீடு தந்து, ஒரு பகுதியிலுள்ள குறிப்பிட்ட வகைப் பள்ளிகளை அரசே கையகப்படுத்தலாம் என்றது பின்னது. ஆகவே அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆனால் முன்வடிவு முழுவதையும் அந்த இரண்டு உட்பிரிவுகளாகச் சுருக்கிப் பார்ப்பது நியாயம் ஆகாது.


நாஞ்சிலான்

கரும்பலகை அவர்களுக்கு, மேலே நண்பர் "மேலாளரின் மனத்தைப் பொறுத்தது" என்று எழுதிய வரியைப் படித்தபோது என் தகப்பனாரின் நினைவு வந்துவிட்டது. ஆகவே சட்டத்தை விட்டு அனுபவத்திலிருந்து கொஞ்சம் எழுதுகிறேன்.

அப்பா 1948ஆம் ஆண்டு கல்குளம் தாலுகாவில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். பள்ளியின் பெயர் வேண்டாம். அன்று பல இடங்களில் அப்படித்தான் இருந்தது. மாதக் கடைசியில் சம்பளப் பதிவேட்டில் முழுத் தொகைக்கும் கையெழுத்துப் போடுவார். கையில் வருவதோ அதைவிடக் குறைவாக இருக்கும். மிச்சம் 'கட்டடத்துக்கு' என்று சொல்லப்பட்டது. கோடை விடுமுறை தொடங்கும்போது வேலையிலிருந்து விடுவித்துவிட்டு, ஜூன் மாதத்தில் புதிதாக வேலைக்கு எடுப்பதுபோல் எடுப்பார்கள். ஆகவே இரண்டு மாதச் சம்பளம் கிடையாது. போன வருடத்துப் பணிக்காலமும் கணக்கில் சேராது. எங்கள் ஆச்சி அந்த இரண்டு மாதமும் மரச்சீனிக் கிழங்கை வைத்துத்தான் வீட்டை ஓட்டினார்கள் என்று அப்பா சொல்வார். அவருக்கு அதில் கோபத்தைவிட வெட்கமே மிகுதியாக இருந்தது. வாங்காத பணத்துக்குக் கையெழுத்துப் போட்ட கையோடு வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வாய்மையைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியிருந்ததே என்று, ஓய்வு பெற்ற பிறகும்கூட அவர் வருந்தியதுண்டு.

1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. அந்த இணைப்புக்காக ஊர்வலம் போனவர்களில் அப்பாவும் ஒருவர். கடைசிவரை அதை எண்ணிப் பெருமைப்பட்டவர். ஆனால் அவருக்கு மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரியும். அடுத்த ஆண்டு முண்டசேரியின் முன்வடிவு பற்றிய செய்திகள் வந்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து வரும் மலையாள நாளிதழை வரி விடாமல் படிப்பாராம். "நாம இந்தப் பக்கம் வந்து எட்டு மாசந்தான் ஆச்சு" என்று அம்மாவிடம் சொன்னாராம். இணைப்பைப் பற்றிய வருத்தம் அதில் இல்லை. பக்கத்து வீட்டில் விளக்கேற்றினால் நம் முற்றத்திலும் கொஞ்சம் வெளிச்சம் விழாதா என்ற ஏக்கம்தான் இருந்தது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1973இல்தான் வந்தது. அதற்குள் அப்பாவின் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

உங்கள் கட்டுரையில் ஒன்பதாம் உட்பிரிவைப் பற்றி எழுதும்போது, அது வெறும் கணக்குவழக்குச் சீர்திருத்தம் போலத் தோன்றாதபடி எழுதுங்கள். சம்பளம் யார் கையால் வருகிறது என்பதில்தான் ஓர் ஆசிரியர் வகுப்பறையில் நிமிர்ந்து நிற்பதும் கூனி நிற்பதும் இருந்தது.


வழக்குரை

சட்டப் பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். 1957 செப்டம்பரில் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய இந்த முன்வடிவுக்குக் குடியரசுத் தலைவர் உடனே ஒப்புதல் தரவில்லை. அரசியலமைப்பின் 143ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு அதை அனுப்பிவைத்தார். ஒரு மாநிலத்தின் முன்வடிவு சட்டமாவதற்கு முன்பே இப்படி உச்ச நீதிமன்றத்தின் மேசைக்குப் போனது அன்றைக்குப் புதுமையான நிகழ்ச்சி. கேரள அரசுக்காக வாதாட டி.என். பிரிட் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய வழக்கறிஞர் வந்திருந்தார்.

1958 மே 22ஆம் நாள், தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான அமர்வு கருத்துரைத்தது. சிறுபான்மையினர் தாம் விரும்பிய கல்வி நிறுவனங்களை நிறுவி நிருவகிக்கும் உரிமையை வழங்கும் 30(1) உறுப்புக்கு இன்றுவரை அடித்தளமாக இருக்கும் கருத்துரை இது. அதன் சாரம் இரு முனைகளிலும் கூர்மையானது. நிருவகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிருவகிக்கும் உரிமை ஆகாது. ஆகவே அரசு நியாயமான ஒழுங்குவிதிகளை வகுக்கலாம். அதே வேளையில், உதவிப் பணத்தைக் காட்டி அந்த உரிமையையே விட்டுக்கொடுக்கும்படி அரசு சிறுபான்மையினரை நெருக்கக் கூடாது.

இந்த அளவுகோலின்படி, 14, 15 ஆகிய உட்பிரிவுகள் சிறுபான்மைப் பள்ளிகளைப் பொறுத்தவரை செல்லாதவை என்று நீதிமன்றம் கருதியது. புதிதாக அங்கீகாரம் கேட்கும் சிறுபான்மைப் பள்ளிகள் தொடக்க வகுப்புகளில் கட்டணமே வாங்கக் கூடாது என்ற நிபந்தனையும் தப்பவில்லை. இதில் சென்னைக்காரரான நீதிபதி டி.எல். வெங்கடராம அய்யர் மட்டும் பகுதியளவில் மாறுபட்டு, அரசின் அங்கீகாரத்தைப் பெறும் உரிமை 30(1)இல் அடங்காது என்று தனியாக எழுதினார். (முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் தோய்ந்து, சங்கீத கலாநிதி விருது பெற்றவரும் இவரே.)

இனி நீங்கள் அடிக்கோடிட வேண்டிய இடம். சம்பளம், நியமனம், பணிப்பாதுகாப்பு பற்றிய 9, 11, 12 ஆகிய உட்பிரிவுகளை நீதிமன்றம் நீக்கவில்லை. அவை உரிமை மீறலின் விளிம்புவரை வந்துவிட்டன என்று தயங்கியது உண்மை. ஆயினும், ஆசிரியருக்குப் பாதுகாப்பளிக்கும் ஒழுங்குவிதிகளாக அவற்றை ஏற்கலாம் என்றே கருதியது. முண்டசேரியின் முன்வடிவை உச்ச நீதிமன்றம் குப்பைக்கூடையில் போட்டுவிட்டது என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. அது தவறு. பள்ளியைப் பற்றிய பகுதியில் வெட்டு விழுந்தது. ஆசிரியரைப் பற்றிய பகுதி தப்பிப் பிழைத்தது.


மணியோசை

நான் சிறுபான்மை நிருவாகப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த உரையாடலில் நிருவாகங்களின் தரப்பு பேராசை என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கேரளத்தில் திருச்சபைப் பள்ளிகள் எப்படி எழுந்தன என்பதைக் கொஞ்சம் பாருங்கள். சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகளார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தேவாலயந்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று வற்புறுத்தினார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கும் பிடியரிசி வழக்கத்தால் ஏழைக் குடும்பங்களும் அந்தப் பணியில் பங்கேற்றன. அப்படி வளர்த்தெடுத்த ஒன்றை, சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டு அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று அச்சிட்டுக் கொடுத்தால், பிடியரிசி தந்தவளின் பேத்திக்கு அச்சம் வராதா? திருவிதாங்கூரில் திவான் சி.பி. இராமசாமி அய்யர் காலத்திலேயே தொடக்கக் கல்வியை அரசுமயமாக்கும் முயற்சி நடந்து, அதைத் திருச்சபை கடுமையாக எதிர்த்திருந்தது. பழைய புண் ஆறுவதற்குள் புதிய கத்தியைக் கண்டதுபோல் இருந்திருக்கும். அதோடு, கடவுளை மறுக்கும் கட்சியின் அரசு பாடநூல்களையும் தானே வெளியிடுகிறது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

இதைச் சொல்லும் நானே, நாஞ்சிலான் ஐயாவின் தகப்பனாருக்கு நேர்ந்தது அநீதி என்பதையும் மறுக்க மாட்டேன். ஆசிரியரின் ஊதியத்தில் கைவைத்த ஒவ்வொரு நிருவாகமும், நேர்மையாக நடந்த பத்து நிருவாகங்களின் வாயை அடைத்துவிட்டது. சம்பளத்துக்கும் பணிப்பாதுகாப்புக்குமான உட்பிரிவுகளை மட்டும் முதலில் தனிச் சட்டமாக முண்டசேரி கொண்டுவந்திருந்தால், எதிர்ப்பு இந்த அளவுக்குத் திரண்டிருக்காது என்பது என் எண்ணம். ஆசிரியருக்கான நீதியையும் பள்ளியின் உடைமையையும் ஒரே கட்டாகக் கட்டியதில்தான் அவர் பிழை செய்தார்.


கரும்பலகை

மூவருக்கும் அம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. எங்கள் கூட்டத்தில் மோதிக்கொண்ட இருவரும் ஒரே முன்வடிவின் வெவ்வேறு உட்பிரிவுகளைப் பற்றிப் பேசினார்கள் என்பது இப்போது விளங்குகிறது.

எனினும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. உச்ச நீதிமன்றமே 11ஆம் உட்பிரிவை அனுமதித்திருக்க, இன்று கேரளத்தில் உதவி பெறும் பள்ளி ஆசிரியரை மேலாளரே நியமிக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். அப்படியானால் அந்த உட்பிரிவு எங்கே போயிற்று? அம்மா சொல்வதுபோல் கட்டு பெரிதாகிப் போனதால்தான் அதுவும் விழுந்ததா?


பாரதப்புழை

ஐயா, இதில் அம்மாவின் கருத்தோடு பாதி உடன்படுகிறேன், பாதி மாறுபடுகிறேன்.

நீதிமன்றக் கருத்துரைக்கு ஏற்பத் திருத்தப்பட்ட முன்வடிவு 1959 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்று, அந்த ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் வேளையில் நடைமுறைக்கு வந்தது. சிறுபான்மைப் பள்ளிகளைப் பொறுத்தவரை கையகப்படுத்தும் அச்சத்துக்கு அதற்குள் பரிகாரம் கிடைத்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். அம்மா சொன்ன காரணம் மட்டுமே இருந்திருந்தால், எதிர்ப்பு அப்போது தணிந்திருக்க வேண்டும். ஆனால் விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்) என்று அழைக்கப்பட்ட, அரசுக்கு எதிரான பெரும்போராட்டம் உச்சத்துக்கு வந்ததே அந்த ஜூனில்தான். நாயர் சேவைச் சங்கத்தின் மன்னத்து பத்மநாபன் கத்தோலிக்கத் தலைமையோடு கைகோத்துப் பள்ளிகளைத் திறக்க மாட்டோம் என்று நின்றார். 30(1) உறுப்பின் பாதுகாப்பு இல்லாத நாயர் சமுதாயப் பள்ளிகளும், நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் கலங்கிய நிலவுடைமையாளர்களும், காங்கிரசும் ஒன்று சேர்ந்த கூட்டணி அது. அங்கமாலியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. 1959 ஜூலை 31ஆம் நாள் அமைச்சரவை கலைக்கப்பட்டது. முண்டசேரி கல்வியமைச்சராக இருந்தது இரண்டு ஆண்டும் சில மாதங்களும்தான்.

1960இல் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் புதிய அரசு வந்தது. கல்விச் சட்டத்தை அவர்கள் நீக்கிவிடவில்லை என்பதே முண்டசேரிக்குக் கிடைத்த சான்றிதழ். நேரடிச் சம்பளம் நிலைத்தது, பணிப்பாதுகாப்பும் நிலைத்தது. அவற்றைத் தொட்டால் ஆசிரியர்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்பது எல்லாக் கட்சிகளுக்கும் தெரிந்திருந்தது. சட்டத் திருத்தத்தில் விழுந்தது 11ஆம் உட்பிரிவு. நீதிமன்றம் வெட்டாததைச் சட்டமன்றமே வெட்டியது. அதிலிருந்து இன்றுவரை, சம்பளம் தருவது அரசு, ஆளை எடுப்பது மேலாளர் என்ற ஏற்பாடு கேரளத்தில் தொடர்கிறது. எந்தக் கூட்டணி ஆண்டாலும் அதைத் தொடத் துணிவதில்லை.

பலரும் கவனிக்காத ஒன்றை உங்கள் கட்டுரையில் கட்டாயம் சேர்க்க வேண்டுகிறேன். 11ஆம் உட்பிரிவில் தேர்வாணையம் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அரசியலமைப்பின் 16(4) உறுப்பின்படி அரசு வகுத்துள்ள இட ஒதுக்கீட்டையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. அந்த வரியும் அதோடு போயிற்று. விளைவு என்னவென்றால், அரசுக் கருவூலத்திலிருந்தே சம்பளம் வாங்கும் பல்லாயிரம் ஆசிரியர் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு இல்லாமல் போனது. நியமனத்துக்கு நன்கொடை வாங்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் எழுகிறது. அதற்குப் பணம் திரட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு உதவி பெறும் பள்ளியின் கதவு எப்படித் திறக்கும்? என்னோடு படித்த, என்னைவிட நன்றாகப் படித்த ஒரு தோழி கல்வியியல் பட்டம் பெற்றும் அந்தக் கதவு திறக்காமல், கடைசியில் அரசுத் தேர்வு எழுதி மலப்புறத்தில் வேலைக்குப் போனாள். எங்கள் பள்ளி அவள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்.

முண்டசேரிக்குப் பிற்காலத்தில் வேறு பொறுப்பும் வந்தது. 1971இல் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார், 1977இல் காலமானார்.


நாஞ்சிலான்

பாரதப்புழை அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அப்பாவின் பழைய தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவருடைய பணிப்பதிவேட்டின் நகல் அதில் இருக்கிறது. 1948இல் சேர்ந்தவருக்கு, முதல் சில ஆண்டுகளுக்குச் சேர்ந்த தேதியும் விடுவித்த தேதியும் மாறி மாறி வருகின்றன: ஜூன், மார்ச், ஜூன், மார்ச் என்று. ஓய்வூதியக் கணக்கில் அந்த ஆண்டுகள் சேரவில்லை. கரும்பலகை அவர்களே, உங்கள் மலருக்குப் பயன்படும் என்றால், பள்ளியின் பெயரையும் அப்பாவின் பெயரையும் மறைத்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன்.